சொன்னால் நடக்கும் என்ற நம்பிக்கை: ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு பேசிப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகனுக்கு ஐந்து வயது இருக்கும்போது கொழுந்தன் வீட்டுக்கு வந்திருந்தார். கிளம்பும்போது, "மக்ளே, சித்தப்பா போயிட்டு வாறேன்" என்று அவன் தலையைத் தடவிவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டேகால் வரைக்கும் மகன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது கத்தினான், தன் கையையே கடித்தான். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மறுநாள் காலையில் கேட்டைப் பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது. வருவேன் என்று சொன்னவர் வரவில்லை. அவன் காத்திருந்தான்.

நம் ஊரில் யாரும் "போறேன்" என்று சொல்லிக் கிளம்ப மாட்டோம், அது நல்லதில்லை என்று வளர்ந்தவர்கள். ஆனால் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு, தினமும் வாசலில் நாம் சொல்வதெல்லாம் நடக்காத வாக்கு.

அதுவரை இரண்டு வருடம் அவனைப் பேச வைக்கவே பாடுபட்டிருந்தேன். "அம்மா சொல்லு, அப்பா சொல்லு" என்று. அந்த கேட் வாசல் சாயங்காலத்துக்குப் பிறகுதான் என் வேலை வேறு என்று புரிந்தது. சொன்னால் கேட்பார்கள், கேட்டால் கிடைக்கும், வேண்டாம் என்றால் நிறுத்துவார்கள், வருவேன் என்றால் வருவார்கள் என்ற நம்பிக்கை அவனுக்கு வர வேண்டும். வாயால் சொல்கிறானா, கையால் சொல்கிறானா, படத்தால் சொல்கிறானா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. கீழே எழுதியிருப்பது எல்லாம் இந்த ஒன்றை வைத்துத்தான். எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கம். மகனுக்கு இப்போது ஒன்பது வயது.

முதலில் காது

பேச்சு தாமதம் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் காது கேட்கும் பரிசோதனை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது, அதனால் காது சரிதான் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. பிறவியில் வரும் பிரச்சினைகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் பார்ப்பதற்கு மாவட்டந்தோறும் அரசின் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் உண்டு. நம் பக்கத்தில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள், பணம் கட்ட வேண்டியதில்லை. சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகள் ஒன்றரை, இரண்டு வயதில் நின்றுபோயிருந்தால் அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

"ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவன் அப்பனும் அப்படித்தான்" என்று வீட்டில் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள், நான் ஒரு வருடம் காத்திருந்தேன். நீங்கள் காத்திருக்காதீர்கள். இன்னொன்று: பேச வைக்கும் மருந்து என்று ஒன்று கிடையாது. ஸ்டெம் செல் ஊசி ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சை அல்ல. அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம், ஒரு நோட்டு

தெரபி தொடங்குவதற்கு முன்னாலேயே செய்யக்கூடியது இது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போடுங்கள். பிள்ளை என்ன செய்தான், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, செய்த பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. ஏழு நாள் எழுதுங்கள். திருத்த வேண்டாம், பாடம் எடுக்க வேண்டாம், எழுதினால் போதும்.

என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க "அம்மை வீட்டில் அழுகை" என்று இருந்தது. என் அம்மா வீட்டுக்குப் போனால் சில நாள் படியேற மாட்டான், சில நாள் துள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவான். ஆச்சியைப் பிடிக்கவில்லை என்று அம்மாவே வருத்தப்பட்டாள். நோட்டைப் புரட்டியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அழுத நாளெல்லாம் ஒட்டுப்பால் (காய்ந்த ரப்பர் பால்) சாக்கு திண்ணையில் கிடந்த நாள். ரப்பர் தோட்டம் உள்ள வீட்டில் பிறந்த நமக்கு அந்த நாற்றம் மூக்கில் ஏறுவதே இல்லை. அவனால் அதைத் தாண்டி வர முடியவில்லை. சாக்கைக் கொல்லைப்புறத்து ஷெட்டுக்கு மாற்றினோம். அடுத்த வாரம் ஆச்சி மடியில் உட்கார்ந்து மட்டிப்பழம் தின்றான்.

அழுகை, கையைப் பிடித்து இழுப்பது, காதைப் பொத்துவது, பொருளைத் தூக்கி எறிவது, ஒரே இடத்தில் குதிப்பது எல்லாமே ஏதோ ஒன்றைச் சொல்கிறது. ஒரு வாரம் எழுதினால் உங்கள் பிள்ளை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிற பத்துப் பதினைந்து விஷயமாவது கிடைக்கும். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

பக்கத்தில் உட்காருங்கள்

"என் முகத்தைப் பாரு" என்று தாடையைப் பிடித்துத் திருப்பாதீர்கள். கண்ணைப் பார்ப்பது இந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சுமையாக இருக்கிறது. பார்த்துக்கொண்டே கேட்பது அதைவிடச் சுமை. பார்க்காமலே நன்றாகக் கேட்பார்கள்.

எதிரே உட்காராமல் பக்கத்தில், தரையில், அவன் உயரத்துக்கு உட்காருங்கள். அவன் கார்களை வரிசையாக அடுக்கினால் நீங்களும் ஒரு காரை எடுத்துப் பக்கத்தில் தனி வரிசை போடுங்கள். அவன் வரிசையைக் கலைக்காதீர்கள். "இது என்ன கலர்? எத்தனை கார்?" என்று பரீட்சை வைக்காமல், நடப்பதை மட்டும் சொல்லுங்கள். "சிவப்புக் கார். போகுது. நின்னுட்டு." ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், டிவியும் போனும் இல்லாமல். எனக்கு நான்காவது நாள் அவனே ஒரு காரை என் வரிசையில் வைத்தான். கையில் இருந்த பாத்திர வேலையெல்லாம் மறந்துபோனது.

நம் பேச்சில்தான் நிறைய மாற்ற வேண்டியிருக்கிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் செலவில்லாமல் இன்றைக்கே தொடங்கலாம்.

சுருக்குங்கள். "சீக்கிரம் வா மக்ளே, பஸ் வந்துரும், செருப்பைப் போடு, பையை எடுத்தியா" என்று ஒரே மூச்சில் நாலு காரியம் சொல்கிறோம். பிள்ளை ஒன்றும் செய்யாமல் நிற்கிறான் என்று கோபப்படுகிறோம். "செருப்பு போடு." அவ்வளவுதான். போட்ட பிறகு அடுத்தது. பிள்ளை ஒரு வார்த்தை சொல்கிறவன் என்றால் நீங்கள் இரண்டு வார்த்தையில் பேசுங்கள், இரண்டு சொன்னால் மூன்று.

காத்திருங்கள். ஒன்றைச் சொன்னதும் மனசுக்குள் பத்து வரை பைய எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் நமக்குப் பொறுக்காது, திரும்பச் சொல்லிவிடுவோம். அவன் முதல் வாக்கியத்தைப் பாதி பிடித்திருப்பான், நாம் அதன் மேல் இரண்டாவதைக் கொட்டுவோம். மறுபடி முதலிலிருந்து. எங்கள் வீட்டில் அதிகப் பலன் கொடுத்தது இந்தப் பத்து எண்ணிக்கைதான்.

செய்யக் கூடாததைச் சொல்லாமல் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். தமிழில் "ஓடாதே" என்னும்போது "ஓடு" முதலில் வந்துவிடுகிறது, "ஆதே" கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அவசரத்தில் பிள்ளை முன்பாதியைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வான்? "நட" என்று சொல்லுங்கள். "கத்தாதே" என்பதற்கு "பைய பேசு". "சும்மா இரு" என்பதைச் சொல்லவே வேண்டாம். சும்மா இருப்பது என்றால் என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் காட்டியதில்லை. "பாயில் இரு" என்றால் புரியும்.

நடக்கிறதை மட்டும் சொல்லுங்கள். "இந்தா வாறேன்" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் கழித்து வருவது, "கடை பூட்டிட்டான்" என்று திறந்திருக்கிற கடையைக் காட்டிப் பொய் சொல்வது, "அப்பா நாளைக்கு வருவாங்க" என்று சமாதானத்துக்குச் சொல்வது, எல்லாவற்றையும் நிறுத்தினோம். விருந்தாளிகள் கிளம்பும்போது இப்போது எங்கள் வீட்டில், "சித்தப்பா வீட்டுக்குப் போறாங்க. திங்கக்கிழமை வருவாங்க" என்று நான் சொல்லிவிடுவேன். வரும் நாள் தெரியாவிட்டால் "சித்தப்பா வீட்டுக்குப் போறாங்க, டாட்டா" என்பதோடு சரி. பெரியவர்களுக்கு முதலில் முகம் சுருங்கியது, பிறகு பழகிவிட்டார்கள்.

பொருளுக்கு ஒரே பேர் வையுங்கள். எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணிக்கு வெள்ளம் என்போம். தெரபியில் தண்ணீர், பள்ளியில் வாட்டர். ஒரு டம்ளருக்கு மூன்று பேர். தினமும் தேவைப்படுகிற இருபது பொருளுக்கு எது பேர் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்து, தெரபிஸ்ட்டிடமும் டீச்சரிடமும் எழுதிக் கொடுத்தோம். மற்ற பேர்கள் பிறகு தானாக வந்தன. இதற்காக வீட்டுப் பேச்சை விட்டுவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேச வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு கெடுவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆச்சியோடு எந்த மொழியில் வாழப் போகிறானோ அந்த மொழி அவனுக்கு வேண்டும்.

திருப்பிச் சொன்னால் அதுவும் பேச்சுதான்

"வெள்ளம் வேணுமா?" என்று என் மகன் என்னிடம் வந்து கேட்பான். எனக்கு வேண்டுமா என்று கேட்கிறான் என்று நினைத்து "வேண்டாம் மக்ளே" என்பேன். அழுவான். அவன் தாகத்தோடு வந்து நிற்கிறான். வெள்ளம் கிடைப்பதற்கு முன்னால் எப்போதும் காதில் விழுகிற வாக்கியம் அதுதான், அதனால் அதையே சொல்கிறான். இதை எதிரொலிப் பேச்சு என்பார்கள். கெட்ட பழக்கம் என்று தடுக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது, அவன் வாயிலிருந்து வர வேண்டிய வாக்கியத்தை நாம் சொல்லிக் காட்டுவது. அவன் "வெள்ளம் வேணுமா?" என்று வந்தால், டம்ளரைக் கொடுத்துக்கொண்டே "வெள்ளம் வேணும்" என்று அவன் சார்பில் சொல்லுங்கள். "அப்படிச் சொல்லு, அப்பத்தான் தருவேன்" என்று டம்ளரைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். தாகத்தோடு வந்தவனிடம் இலக்கணம் கேட்டால், சொல்லிப் பிரயோசனமில்லை என்றுதான் கற்றுக்கொள்வான்.

சில பிள்ளைகள் முழு வசனத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். என் மகனுக்கு பஸ் என்றால் உயிர். தக்கலை பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூப்பிடுகிற "மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை" என்பதை அதே இழுப்போடு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து கத்துவான். சனம் சிரிக்கும். நோட்டில் எழுதிப் பார்த்தால், ஓர் இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று தோன்றும்போது மட்டும் அது வருகிறது. "போவோம். வீட்டுக்குப் போவோம்" என்று சொல்லி அப்போதே எழுந்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். அப்படிப் பல தடவை நடந்த பிறகு ஒரு நாள் "போவோம்" என்று அவனே சொன்னான். களியக்காவிளையும் இருக்கிறது, போகட்டும்.

படம்

படம் கொடுத்தால் பிள்ளை பேசவே மாட்டான் என்று பயப்படுகிறவர்கள் நிறைய. நானும் பயந்தேன். படம், சைகை, பேசும் கருவி இவற்றால் பேச்சு தடைபடுவதில்லை என்று ஆய்வுகள் தெளிவாகவே சொல்கின்றன. சிலருக்கு வாய்ப்பேச்சும் கூடுகிறது. கூடாவிட்டாலும் அவனிடம் ஒரு வழி இருக்கிறது, இல்லையா?

நெட்டில் எடுத்த படத்தைவிட உங்கள் வீட்டுப் பொருளின் போட்டோ தொடக்கத்துக்கு நல்லது. அவன் குடிக்கிற அதே பச்சை டம்ளர், அவன் தின்கிற அதே நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட். உள்ளங்கை அளவில் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் செய்து, பின்னால் வெல்க்ரோ ஒட்டுங்கள். முதல் படம் அவனுக்கு மிகவும் பிடித்த ஒன்றாக இருக்கட்டும். "டாய்லெட்" படத்தோடு ஆரம்பிப்பது நம் வசதிக்கு, அவன் ஆசைக்கு அல்ல.

பழக்குவதற்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். 1985-இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கிய படப் பரிமாற்ற முறையின் அடிப்படை இது. ஒருவர் எதிரே சிப்ஸை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். மற்றவர் பிள்ளைக்குப் பின்னால் இருப்பார். பிள்ளை சிப்ஸை நோக்கிக் கை நீட்டுவான். அந்த நேரத்தில் பின்னால் இருப்பவர் அவன் கையை மெதுவாகப் படத்தின் மேல் கொண்டுபோய், எடுத்து, எதிரே இருப்பவர் கையில் கொடுக்க உதவுவார். கையில் விழுந்த அந்த நொடியே "சிப்ஸ்!" என்று சொல்லி ஒரு துண்டு கொடுக்க வேண்டும். "என்ன வேணும்?" என்று கேட்கக் கூடாது. நாம் கேட்டால்தான் சொல்வது என்று பழகிவிட்டால், தானாக வந்து சொல்லுவது நடக்காது. பின்னால் இருப்பவர் நாளடைவில் கையை விலக்கிக்கொண்டே வர வேண்டும்.

எங்கள் வீட்டில் பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்தது என் மாமனார், அவனுக்குப் பாட்டா. எழுபது வயதில் முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து, பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் மகன் படத்தைத் தானே பிய்த்துக்கொண்டு, அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்த என் ஈரக் கையில் வைத்து அழுத்தினான். பாட்டா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு வேணும், வேண்டாம், போதும், இன்னும், நிறுத்து, உதவி, போவோம் போன்ற, எங்கும் பயன்படுகிற சொற்களைச் சேருங்கள். படத்தைத் தொட்டுத் தொட்டு நீங்களும் பேசுங்கள். நாம் பேசாத மொழியைப் பிள்ளை எங்கே கற்றுக்கொள்ளும்? டேப்லெட்டில் தொட்டால் பேசும் செயலிகளும் இருக்கின்றன. சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் உண்டு. ஸ்பீச் தெரபிஸ்ட்டோடு கலந்து தொடங்குங்கள். ஆனால் மற்றவர் பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துகளைத் தொட வைத்து "அவனே எழுதுகிறான்" என்று காட்டும் முறையை நம்பாதீர்கள். அதில் வருவது கையைப் பிடித்திருப்பவரின் சொல் என்று பரிசோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

"வேண்டாம்" என்பதற்கு மரியாதை

கேட்பதைக் கற்றுக்கொடுக்கிறோம், மறுப்பதைக் கற்றுக்கொடுப்பதில்லை. மறுக்க வழி இல்லாதவன் கடிப்பான், எறிவான்.

ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவுக்கு நாலு வருடம் அவனைக் கூட்டிப் போகவே இல்லை. செண்டை மேளமும் வெடியும் அவனுக்கு ஆகாது. போன வருடம் காதை மூடும் ஹெட்ஃபோன் மாட்டி, கழுத்தில் "போதும்" அட்டையைத் தொங்கவிட்டு, பந்தலின் ஓரமாக நின்றோம். ஏழு நிமிடம் நின்றிருப்போம். அட்டையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினான். தீபாராதனைக்கு இரண்டு நிமிடம்தான் இருந்தது. "கொஞ்சம் பொறு மக்ளே" என்று வாய் வரை வந்தது. சொல்லாமல் திரும்பி நடந்தேன். இந்த வருடம் அதே இடத்தில் இருபத்தைந்து நிமிடம் நின்றான். சொன்னால் வெளியே கூட்டிப் போவார்கள் என்று தெரிந்ததால் நிற்க முடிந்தது என்றே நான் நினைக்கிறேன்.

பல் தேய்ப்பது, ஊசி போன்ற தவிர்க்க முடியாதவற்றில் "வேண்டாம்" என்றால் முழுதாக நிறுத்த முடியாது. அப்போதும் கேட்டுக்கொண்டேன் என்று காட்டலாம். "வேண்டாம், பிடிக்கல. பத்து எண்ணினா முடிஞ்சிரும்." பத்தில் கட்டாயம் முடித்துவிடுங்கள், பதினொன்றுக்குப் போகாதீர்கள்.

கத்தி அழும்போது

அது அடம் இல்லை, தாங்க முடியாமல் உடைந்துபோவது. அந்த நேரத்தில் பேசாதீர்கள். நம் குரலும் இன்னொரு சத்தம்தான். விளக்கை அணைத்து, கூட்டத்தை விலக்கி, அடிபடாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் அமைதியாக இருங்கள். அணைத்தால் பிடிக்கும் பிள்ளையை இறுக்கி அணையுங்கள், பிடிக்காத பிள்ளையைத் தொடாதீர்கள். பாடமெல்லாம் அவன் அடங்கிய பிறகு, அன்றைக்கே வேண்டும் என்றுகூட இல்லை.

குளமும் சானலும் கடலும்

நம் மாவட்டத்தில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் மேல் தீராத ஆசை. சொல்லாமல் கிளம்பிவிடும் பழக்கமும் உண்டு. நீரில் மூழ்கும் ஆபத்து மற்றப் பிள்ளைகளைவிட இவர்களுக்கு அதிகம். எந்தத் தெருவில் இறங்கினாலும் குளமோ பட்டணங்கால் சானலோ (பாசனக் கால்வாய்) இருக்கிற ஊர் நம்முடையது. வாசலுக்கு உயரத்தில் தாழ்ப்பாள், கையில் போன் நம்பர் எழுதிய வளையம், அக்கம்பக்கத்துக்குத் தகவல் எல்லாம் வேண்டும். அதோடு, "வெள்ளத்தில் விளையாட" என்று ஓர் அட்டையும் வேண்டும். கேட்டால் கொல்லையில் ஒரு குட்டுவம் நிறையத் தண்ணீராவது கிடைக்கும் என்று தெரிந்தால், சொல்லாமல் ஓடுவது குறையும்.

வீட்டு ஆட்கள், வெளிநாட்டில் அப்பா

உறவினர்கள் வந்ததும் "மாமாவுக்கு பேர் சொல்லு, ரைம்ஸ் பாடு" என்று நிறுத்துவார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: "ஒண்ணும் கேக்காண்டாம், பக்கத்துல இருந்து இந்த சிப்ஸைத் தின்னுங்க, அவனே வருவான்." பெரும்பாலும் வருவான்.

என் வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். வீடியோ காலில் மகன் ஒரு நொடி பார்த்துவிட்டு ஓடிவிடுவான், அவர் மனம் உடைந்து வைத்துவிடுவார். இப்போது "பேசு" என்று யாரும் சொல்வதில்லை. போனைச் சாய்த்து வைத்துவிடுவோம், அவர் அங்கே போகிற பஸ்ஸைக் காட்டுவார், பேசாமல். இவன் விளையாடிக்கொண்டே பார்ப்பான். சுவரில் காலண்டர் இருக்கிறது. லீவுக்கு வரும் நாளில் அவர் போட்டோ ஒட்டி, தினமும் ஒரு கட்டம் அடிப்போம். டிக்கெட் உறுதியான பிறகுதான் ஒட்டுவோம்.

பள்ளி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. சான்றிதழும் யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் எடுக்க நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். டீச்சரிடம் ஒரே ஒரு தாள் கொடுங்கள். அவனுக்கு எது பிடிக்கும், எது தாங்காது, உதவி வேண்டும் என்பதை எப்படிச் சொல்வான். மூன்று பத்தி போதும், நீளமாக எழுதினால் யாருக்கும் படிக்க நேரமிருக்காது. ஒரு பள்ளியில் அந்தத் தாளை மடித்து மேசை டிராயரில் போட்டுவிட்டார்கள், அட்டைகளைப் பையிலிருந்து எடுக்கவே விடவில்லை. பள்ளியை மாற்றினோம். இப்போதுள்ள டீச்சர் அதை அவன் பெஞ்சுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

போன புதன்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு "கடல்" அட்டையோடு வந்தான். முட்டத்துக்குப் போக வேண்டுமாம். முன்பெல்லாம் "நாளைக்குப் போவோம்" என்று சொல்லித் தூங்க வைத்திருப்பேன். காலண்டருக்குக் கூட்டிப் போய் விரலை வைத்துக் காட்டினேன். "இன்னைக்கு புதன். கடல், ஞாயிறு." பத்து எண்ணினேன். அட்டையை என் கையிலிருந்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தின் மேல் அவனே ஒட்டினான். ஒருமுறை அழுத்திப் பார்த்தான். அப்புறம் போய்ப் படுத்துக்கொண்டான்.